மஞ்சக்கொம்புப் பாறை நகரும் திசை

உட்காருங்க தம்பி, உட்காருங்க. இந்த வாழைக்கன்னு ரெண்டையும் என் பக்கமா சாய்ச்சுக்கிறேன். இலை மூஞ்சியில உரசுனா கோவிச்சுக்காதீங்க. டாப்புல போடச் சொன்னாரு கண்டக்டர். ஒம்பது நாளா விடாமப் பெய்யுற மழை, நாப்பது வளைவு, மேல போய் இறக்கிப் பார்த்தா நாருதான் மிஞ்சும். அதான் பொள்ளாச்சியில இருந்தே மடியில வெச்சிருக்கேன். நாளைக்கு ஆயுத பூஜை. வீட்டுக்கு இல்லைங்க இது. மெஷினுக்கு.

நீங்க எதுவரைக்கும்? கரண்டு ஆபீஸ்ல புதுசா சேர வர்றீங்களா? நல்லதாப் போச்சு. சேர்ந்த கையோட எங்க எஸ்டேட்டுக்கு ஒரு நடை வாங்க. மஞ்சக்கொம்பு எஸ்டேட், யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. எங்க லைன் வீட்டுக்கு, அதான் எஸ்டேட் ஆளுங்க வரிசை வீட்டுக்கு, முன்னால ஒரு கம்பம் குடிகாரன் மாதிரி சாஞ்சு நிக்குது. ஒரு பக்கம் கம்பி விறைச்சுக் கிடக்கு, மறுபக்கம் தலையில தட்டுற மாதிரி தொங்குது. நட்டு ரெண்டு வருஷம்கூட ஆகல. குழியை ரெண்டடி தோண்டிட்டு அஞ்சடின்னு சொல்லியிருப்பான் கான்ட்ராக்ட்காரன். வேலையில சுத்தம் வேணும் தம்பி. நான் முப்பத்தோரு வருஷம் தேயிலை ஃபேக்டரியில ஃபிட்டர். நான் நிமித்தி வெச்ச ஷாஃப்டு ஒண்ணுகூடச் சாஞ்சது கிடையாது. முத்துவீரன்னு கேட்டுப் பாருங்க.

ஃபேக்டரியை மூடிட்டாங்க. இப்ப நான் மெஷினுக்குக் காவல். என்ன மெஷின்னு கேட்டா சிரிப்பீங்க. எங்க எஸ்டேட்டுல லைனுக்கு மேல ஒரு மொட்டைப் பாறை. சின்னப் பாறை இல்லைங்க, ரெண்டு கல்யாண மண்டபத்தை ஒட்ட வெச்ச அளவு. அது தலையில இடுப்பு உசரத்துக்கு ஒரு சிமெண்டுத் தூணு. தூணு மேல சட்டியைக் கவுத்து வெச்ச மாதிரி வெள்ளையா ஒரு ஆன்டெனா. பக்கத்துல இரும்புப் பெட்டி, பேட்டரி, சோலார் தகடு. அந்தச் சட்டி வானத்துல சுத்துற சாட்டிலைட்டுக சொல்றதை ராத்திரி பகலாக் கேட்டுக்கிட்டே இருக்கும். உங்க போன்ல வழி காட்டுதே, அதே சமாச்சாரம்தான். ஆனா போனுக்கு நீங்க எந்தத் தெருவுல நிக்கிறீங்கன்னுதான் தெரியும். இது அரிசி மணி அகலம் நகர்ந்தாலும் கண்டுபிடிச்சிரும். கண்டுபிடிச்சு போன் மாதிரியே ஆபீசுக்கு அனுப்பிரும். ஆபீஸ் கீழ சிட்டியில. நான் போனதில்ல.

எதுக்குன்னு கேளுங்க. நாம இருக்குற இந்த நாடு நகருது தம்பி. மொத்தமா. கன்னியாகுமரி, பொள்ளாச்சி, உங்க ஊரு, எங்க ஊரு, எல்லாம் ஒரே பலகையா வடகிழக்கே போகுது, வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர். போயி இமயமலையை முட்டிக்கிட்டு இருக்கு. அதைப் பார்க்கத்தான் நாடு பூரா இப்படித் தூணு நட்டு வெச்சிருக்காங்க. எங்க பாறைத் தூணும் அதுல ஒண்ணு.

முழிக்காதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல. இப்ப இந்த பஸ்சு போகுது. நீங்க, நான், கன்னு, கண்டக்டர், எல்லாரும் சேர்ந்துதான் போறோம். உங்களுக்கும் எனக்கும் நடுவுல இடைவெளி கூடுச்சா? கூடல. அம்புட்டுதான். எல்லாம் ஒண்ணாப் போனா, போறதே தெரியாது. இதை நான் எங்க லைன்ல பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரியவெச்சிருக்கேன்.

பாறைக்கு நேர் கீழ, மேற்கால, பதினோரு வீடு. அதுல ஏழாவது எங்க வீடு. நானு, என் மக சுகந்தி, அவ கைக்குழந்தை. மருமகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காரு, மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. பாப்பாவுக்கு எட்டு மாசம். இப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருக்கா. ஒரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க. அவளை வீட்டுக்குள்ள எந்தப் பக்கம் இறக்கிவிட்டாலும் மேற்குச் சுவர்கிட்டத்தான் போய் நிப்பா. கிழக்கே திருப்பி விடுவா சுகந்தி, ரெண்டு முட்டி போடும் பிள்ளை, அப்புறம் வழுக்கிக்கிட்டு மேற்கே வந்துரும். மேற்குச் சுவத்துலதான் முருகன் காலண்டர் மாட்டியிருக்கு. அவர் மயிலைப் பார்க்கப் போறா போல. பக்தியான பிள்ளை.

நம்ம கதைக்கு வாரேன். எனக்கு அந்த ஆபீசு மேல ஒரு மனத்தாங்கல் இருக்கு தம்பி. முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டத்தான் இதெல்லாம் சொல்ல முடியும், ஊர்க்காரன்கிட்டச் சொன்னா நம்ம மரியாதை போயிரும்.

தூணு நட்டு இது நாலாவது ஆயுத பூஜை. மொத வருஷம் நான் என்ன பண்ணேன்? மெஷின்னு ஒண்ணு கையில குடுத்துட்டா, ஆயுத பூஜையன்னைக்கு அதைச் சும்மா விட முடியுமா? ஃபேக்டரியில ரோலர், டிரையர், தூக்கிப் போட்ட ஸ்பானர்வரைக்கும் பொட்டு வெச்சவன் நான். விடியக்காலம் பாறை ஏறினேன். ஆன்டெனாவைத் துடைச்சு, மூணு பட்டை சந்தனம், நடுவுல குங்குமம். தூணுக்கு ரெண்டு பக்கமும் இதே மாதிரி வாழைக்கன்னு, ஆள் உசரம். சட்டியைச் சுத்தி ஜிகினா வெச்ச மாலை. பொரிகடலை, சுண்டல், திருஷ்டிப் பூசணி உடைச்சேன். பதினோரு வீட்டுச் சனமும் மேல வந்து கும்பிட்டுச்சு. அந்தத் தூணு அன்னைக்கு என்ன அழகா இருந்துச்சுங்கிறீங்க!

மறுநா ஆபீஸ்ல இருந்து போன். ஹெக்டேன்னு ஒரு ஆபீசர், அரைகுறைத் தமிழு. ரீடிங் துள்ளுதாம். ஈர இலையும் ஜிகினாவும் சாட்டிலைட்டு சொல்றதை மறைக்குதாம், தூணு மேலயும் கீழயும் குதிக்கிற மாதிரி அங்க தெரியுதாம். அதைச் சொல்லலாம்ல? நிதானமாச் சொல்லலாம். 'இது உன்னோட லாரியா, மாலை போட?'ன்னாரு. உன்னோடன்னாரு தம்பி. அறுபது வயசு மனுசனை. ஏறிப் போயி எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டு, ஈரத் துணியால சந்தனத்தைத் துடைச்சேன். அன்னைக்குச் சோறு இறங்கல எனக்கு.

சரி, ரெண்டாவது வருஷம். பூஜை இல்லன்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுல அரிவாள்மனைக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வெச்சதோட சரி. பாறை பக்கம் தலைவெச்சும் படுக்கல. அப்பவும் இந்த மாதிரிதான் மழை. மூணாம் நாள் போன் வருது. ஹெக்டே. 'மறுபடி கட்டினியா?' இல்லைங்க சார்னேன். 'ரீடிங் போயிருக்கு, ஒரு சென்டிமீட்டருக்கு மேல. எல்லா ஊர்த் தூணும் வடகிழக்கே போகுது, உன் தூணு மட்டும் மேற்கே போகுது. பொய் சொல்லாதே.' என் மக மேல சத்தியமா நான் கட்டலைங்க சார்னேன். அப்ப அவ வயித்துல பிள்ளைகூட இல்ல. இருந்தாலும் மக மேல சத்தியம். அதுக்கு அவர் சிரிக்கிறாரு தம்பி. போன்ல கேக்குது, சிரிக்கிறாரு.

அதுக்கப்புறம் ரெண்டு தரம் கூப்பிட்டாங்க. ரெண்டு தரமும் இல்லைன்னேன். உண்மையைச் சொல்றவனை மூணு தரம் கேட்டா, அவனுக்கே சந்தேகம் வந்துரும் போல, நாம ஒருவேளை கட்டினோமோன்னு. அப்பத்தான் நித்திலா மேடம் பேசினாங்க. புதுசா வந்தவங்க, சின்ன வயசுதான். 'ஐயா, வணக்கம்'னு ஆரம்பிச்சாங்க. 'நீங்க கட்டியிருந்தா சொல்லிடுங்க ஐயா, ஒண்ணும் ஆகாது. எங்களுக்கு வேண்டியது நாடு எவ்வளவு போகுதுங்கிறது மட்டும்தான். நடுவுல இந்த மாதிரி ஆட்டம் வந்தா, காரணம் தெரிஞ்சாப் போதும், அந்த நாளை எடுத்துட்டு மிச்சத்தை வெச்சுக்குவோம்'னாங்க.

நான் என்ன பண்ணுவேன்? அந்தக் குரலுக்கு இல்லைன்னு சொல்ல மனசு வரல. ஆமாங்க மேடம், கட்டினேன், மன்னிச்சுருங்கன்னேன்.

'நேர்மையாச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி ஐயா'ன்னாங்க.

யோசிச்சுப் பாருங்க. கட்டலைன்னு சத்தியம் பண்ணப்ப பொய்யன். கட்டினேன்னு பொய் சொன்னதும் நேர்மையானவன். என் மனத்தாங்கல் இதுதான். இன்னொண்ணும் சொல்லிடுறேன். முப்பத்தோரு வருஷம் உழைச்சதுல எனக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொன்ன ஆபீசர் அந்தப் பிள்ளை ஒருத்திதான்.

அதுக்கப்புறம் அது பழகிப்போச்சு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, மழைக்காலமா இருந்தா மாசத்துக்கு ரெண்டு தரம், மேடம் கூப்பிடுவாங்க. 'ஐயா, நாலு மில்லிமீட்டர் மேற்கே. என்ன ஆச்சு?' ஒரு தரம் நான் உள்ளபடியே சொல்லிப் பார்த்தேன், தெரியலைங்க மேடம், நான் ஒண்ணுமே பண்ணலையேன்னு. அதுக்குச் சொல்றாங்க, 'அப்படின்னா ஆளை அனுப்பிச் சோதிக்கணும் ஐயா, பாறை சரியில்லைன்னா ஸ்டேஷனை வேற ஊருக்கு மாத்தணும்.' வேற ஊருக்கு மாத்துனா நான் எங்க போறது? இந்த வயசுல கொழுந்து கிள்ளப் போறதா? ஊருக்குள்ள என்னை மெஷின்காரரேன்னு கூப்பிடுறாங்க தம்பி. சட்டுனு சொல்லிட்டேன், ஞாபகம் வந்துருச்சுங்க மேடம், நேத்து குரங்குக் கூட்டம் ஆன்டெனா மேல ஏறி ஊஞ்சலாடுச்சுன்னு. 'ஓ, அப்படியா'ன்னு நிம்மதியா மூச்சு விட்டாங்க. எனக்கும் நிம்மதி.

அப்புறம் காலத்துக்குத் தக்கனை காரணம் சொல்லப் பழகிட்டேன். காத்துக் காலத்துல சில்வர் ஓக் கிளை முறிஞ்சு விழுந்துச்சு. கோடையில கலியாண ஜோடிங்களைக் கூட்டியாந்து போட்டோக்காரன் தூணுல சாய வெச்சு எடுத்தான். மழையில காட்டெருமை வந்து முதுகு சொறிஞ்சுச்சு. எருமையைச் சொன்னப்ப மேடம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஒரு காரணத்தை ரெண்டு தரம் சொன்னது கிடையாது. அதுலயும் சுத்தம் வேணும்ல?

கேட்டீங்களே, நிஜமாவே குரங்கு வருமான்னு. வராதுங்க. அந்தப் பாறைக்கு இப்ப குரங்கு வர்றதில்ல. முன்னெல்லாம் வெயில் காய வரும். ரெண்டு வருஷமா ஒண்ணுகூட ஏறல. ஏன்னு தெரியல. எனக்கும் விரட்டுற வேலை மிச்சம்.

பெரிய தொல்லை எதுலன்னா, பக்கத்து வீட்டு ஜெபமணிகிட்டத்தான். கொழுந்து கிள்ளுற பொம்பளை, வாய் ஓயாது. போன மழையில ஆரம்பிச்சா. அடுப்படித் தரையில விரிசல் விட்டுருக்காம், சிமெண்டு பூசினா ஒரு மாசத்துல மறுபடி விடுதாம். எலி வளை பறிக்கும்னு சொன்னேன். ஊத்துத் தண்ணி செம்மண்ணாட்டம் வருதாம். மேல புதுசாக் கன்னு நடுறாங்க, மண்ணு கரைஞ்சு வரும்னேன். ஊத்து பழைய இடத்துல நின்னுபோயி பத்தடி தள்ளிக் கீழ பீச்சுது. தண்ணி தானே, போற வழியில போகும்! கதவு மூடலைன்னா மரம் ஈரத்துல ஊதியிருக்கும். நான் ஃபிட்டரு, எனக்குத் தெரியாதா? அவ வீட்டுக் கதவு மட்டுமில்ல, பதினோரு வீட்டுக் கதவுமே மூடல. பதினோரு கதவும் ஒரே ஆசாரி செஞ்சது.

அவ சும்மா இருந்தாளா? பதினோரு வீட்டுலயும் கையெழுத்து வாங்கி மேனேஜர்கிட்டக் குடுக்கப்போறேன்னு கிளம்பிட்டா, பாறைக்குக் கீழ இருக்க மாட்டோம், பழைய ஃபேக்டரிக் குவார்ட்டர்சுல இடம் குடுங்கன்னு. எல்லாரும் போட்டாச்சு. கடைசியா என்கிட்ட வந்தா. 'அண்ணே, நீங்க மெஷின்காரரு. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பாறை நகருதா இல்லையா?'

நகருதும்மான்னேன். மூஞ்சி வெளுத்துப்போச்சு அவளுக்கு. உட்கார வெச்சு, உங்ககிட்டச் சொன்னேனே, அதே மாதிரி எடுத்துச் சொன்னேன். நாடே நகருது, நகரத்தான் செய்யும், நகரலைன்னாத்தான் பயப்படணும். வருஷத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர். 'ஏதாவது ஆபத்துன்னா?'ன்னு கேட்டா. அதுக்குத்தான் மேல தூணு நிக்குது, சாட்டிலைட்டே பார்த்துக்கிட்டு இருக்கு, ஒரு அரிசி மணி பிசகினா ஆபீஸ்ல தெரிஞ்சிரும், மொத போன் எனக்குத்தான் வரும்னேன். பேப்பரை மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள சொருகிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா. அன்னையில இருந்து யாரும் விரிசலைப் பத்திப் பேசுறதில்ல. என் மகளுக்கு ஒரே பெருமை, எங்கப்பா பேச்சுக்கு மேனேஜர் பேச்சைவிட மதிப்புன்னு.

இந்த வருஷம் பாருங்க, என் நேர்மைக்குக் கூலி கிடைச்சுது. போன வாரம் மேடமே சொல்றாங்க, 'ஐயா, இத்தனை நாளா இவ்வளவு ஒத்துழைக்கிறீங்க. ஆயுத பூஜைக்கு ஒரு நாள் கட்டிக்குங்க. எந்த நாள்னு சொல்லிடுங்க, அந்த நாளை நாங்க எடுத்துடுறோம்'னு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதான் நானே பொள்ளாச்சிக்கு இறங்கி, நல்ல கன்னாப் பார்த்து வாங்கியாறேன். நாளைக்குத் தூணு பழையபடி மாப்பிள்ளை மாதிரி நிக்கணும்.

இருங்க, போன் அடிக்குது. இந்த வளைவுலதான் டவர் வரும். அட, மேடம்தான்! ஆயுசு நூறு. கொஞ்சம் பேசிக்கிறேன்.

'வணக்கம் மேடம்... ஆமாங்க, மழைதான், ஒம்பது நாளா... சொல்லுங்க... எவ்வளவுங்க? ஏழு மில்லிமீட்டரா?... ஏழு சென்டிமீட்டருங்களா... நேத்து சாயங்காலத்துல இருந்தா... ஆமாங்க மேடம். ஆமாமா, பூஜைதான். ஒரு நாள் முன்னாடியே கட்டிட்டேன், மழையில நாளைக்கு ஏற முடியாதுன்னு. மன்னிக்கணும், சொல்லாம விட்டுட்டேன்... ஆமா, கொஞ்சம் பெரிய கன்னு. அதான் அவ்வளவு காட்டுது... இன்னும் நகருதா? காத்துல இலை ஆடும்ல, அதாங்க மேடம்... சரிங்க. நன்றிங்க. உங்களுக்கும் பூஜை வாழ்த்துங்க.'

பார்த்தீங்களா? என்ன மரியாதை, என்ன பொறுமை. இப்ப அங்க நிம்மதியா எழுதி வெச்சிருவாங்க. அந்த ஹெக்டேயா இருந்திருந்தா...

என்ன தம்பி அப்படிப் பார்க்குறீங்க?

கன்னா? ஆமா, இங்கதான் இருக்கு. என் மடியிலதான் இருக்கு. அதுக்கென்ன? நாளைக்குக் கட்டப் போறதை இன்னைக்குன்னு சொன்னேன். ஒரு நாள் முன்னப்பின்ன. இதைப் போயி...

இருங்க.

நேத்து நான் பாறைக்கு ஏறவே இல்ல. முந்தாநாளும் ஏறல, மழை. யாரும் ஏறல. பாதையே ஓடையா ஓடுது, யாரு ஏறுவா?

ஏழு சென்டிமீட்டர். விரல் வெச்சுப் பாருங்க. நாலு விரல் கிடை. நேத்து சாயங்காலத்துல இருந்து இப்பவரைக்கும். நாடே அவ்வளவு போக ஒன்றரை வருஷம் ஆகும் தம்பி. இந்தப் பாறை ஒரு ராத்திரியில போயிருக்கு. மேற்கே. மேற்கேன்னா எங்க லைன். இன்னும் நகருதுன்னாங்க. கேட்டீங்கல்ல நீங்களும்? நான் இலை ஆடுதுன்னு சொன்னேன்.

மேடத்துக்குத் திருப்பிப் போடுறதா? போட்டு என்ன சொல்றது? இன்னைக்குக் கட்டலைன்னு சொன்னா, அன்னைக்குக் கட்டினீங்களான்னு கேப்பாங்க. குரங்கைக் கேப்பாங்க, எருமையைக் கேப்பாங்க. ஒண்ணைச் சொன்னா ரெண்டு வருஷத்தையும் சொல்லணும். அதுக்கு நேரமில்ல. மொதல்ல வீட்டுக்குப் போடுறேன். எதிர்ல லாரிக்கு வழி விட பஸ்சு நிக்குது, நல்லவேளை. கண்டக்டரே, ரெண்டு நிமிசம் எடுத்துராதீங்க, டவர் போயிரும்!

'சுகந்தி... அப்பாதாம்மா. பாப்பா என்ன பண்றா?... தூங்குறாளா... முன்கதவா? திறக்கவே மாட்டேங்குதா? அடுப்படி வழியாத்தான் போய்ட்டு வர்றியா... ஊத்துல தண்ணியே வரலையா, காலையில இருந்தா... இரும்மா. லைன்லயே இரு.'

தம்பி, என்ன சொல்லட்டும் நான் அவகிட்ட? காரணம் எனக்கு ஆயிரம் வரும். யானை வந்திருக்குன்னு சொல்லட்டுமா? சொன்னா அவ என்ன பண்ணுவா தெரியுமா, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்குவா. சிறுத்தைன்னாலும் உள்ளதான். காட்டெருமைன்னாலும் உள்ளதான். எங்க மலையில எந்த ஆபத்துன்னாலும் உள்ள போய்ப் பூட்டுன்னுதான் பிள்ளைங்களைப் பழக்கியிருக்கோம். வெளிய ஓடுன்னு சொல்ற மாதிரி ஒரு பொய்கூட எனக்கு வரமாட்டேங்குது தம்பி.

'சுகந்தி, நல்லாக் கேளு. பாப்பாவை எடுத்துக்கிட்டு வெளிய வந்துரு. ஜெபமணி அக்காவைக் கூப்பிடு, எல்லாரையும் கூப்பிடு, பழைய ஃபேக்டரிப் பக்கம் போயிருங்க... மழைதான், நனைஞ்சாலும் பரவாயில்ல... ஏன்னா... பாறை நகருதும்மா.'

சிரிக்கிறா.

சிரிக்கிறா தம்பி. 'நகரத்தானேப்பா செய்யும், நீதான ஊருக்கே பாடம் எடுத்த'ங்கிறா. பிள்ளை இப்பத்தான் தூங்குச்சு, மழையில தூக்கிட்டு எங்க போறது, நீ வந்து சேருப்பாங்கிறா. இது அது இல்லம்மா, இது வேறன்னு சொன்னா, எப்படித் தெரியும்னு கேக்குறா. எப்படித் தெரியும்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?

இந்தாங்க. போனைப் பிடிங்க. நீங்க பேசுங்க. உங்க பேச்சு ஆபீஸ் பேச்சு மாதிரி இருக்கு, நம்புவா. பிடிங்க தம்பி, வெச்சிரப் போறா. ஆபீஸ்ல இருந்து பேசுறேன்னு சொல்லுங்க. சாட்டிலைட்டுல தெரிஞ்சிருச்சு, இந்த நிமிசமே பதினோரு வீடும் காலி பண்ணணும்னு சொல்லுங்க. பிள்ளையை எழுப்புன்னு சொல்லுங்க.

எங்கப்பாவுக்கு இது தெரியாதான்னு கேப்பா. கண்டிப்பாக் கேப்பா. கேட்டா, உங்கப்பா மொதல்லயே சொன்னாரு, நாங்கதான் நம்பலைன்னு சொல்லிடுங்க.